அப்பா எழுதிக்கொடுத்த ஒரு வரி

அரக்கு உருகும் வாசனை. அப்பாவின் இந்த நினைவு மலருக்கான புகைப்படங்களை அச்சகத்துக்கு அனுப்பப் போன மாதம் தபால் நிலையத்தில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் அரக்குக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டினார். சிவப்பாய் ஒரு துளி, கொஞ்சம் பிசின், கொஞ்சம் கருகல். அவ்வளவுதான், தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸின் கதவு எனக்குள் திறந்துகொண்டது. அந்த வீட்டு வரிசையில் மற்ற அப்பாக்கள் பஸ் புழுதி மணக்க வீடு திரும்புவார்கள். எங்கள் அப்பா அரக்கு மணக்க வருவார். சட்டைக் கைமடிப்பில் சிவப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். அம்மா நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுப்பார்.

அப்பா ஓர் அமைச்சகத்தின் கொள்முதல் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தார். அரசு மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் வேண்டிய படுக்கை விரிப்பு, நாற்காலி, வாளி, துடைப்பம் எல்லாவற்றுக்கும் டெண்டர் கேட்டு, வந்த உறைகளைப் பிரித்து, யாருக்கு ஆர்டர் என்று குறிப்பு எழுதும் வேலை.

பிறந்தது கோவில்பட்டியில். அவருடைய தந்தை சிறியதொரு தீப்பெட்டிப் பட்டறை நடத்தினார். வருமென்று நம்பிய சர்க்கார் ஆர்டர் வேறொருவருக்குப் போனதில் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. அப்போது அப்பாவுக்குப் பதினொரு வயது. உறவினர் வீடுகளில் தங்கிப் படித்தார். அந்த வீடுகளின் பிள்ளைகள் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். பத்தொன்பதாம் வயதில் தில்லிக்கு வந்து குமாஸ்தாவாகச் சேர்ந்தார். முதல் குளிர்காலத்தை, அறையில் உடன் இருந்தவரோடு ஒரே ரஜாயைப் பங்கிட்டுப் போர்த்திக் கழித்தார்.

சென்ற ஆண்டு இறுதிச் சடங்குக்கு வந்த எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னீர்கள். நேர்மையான மனிதர். நன்றியோடு கேட்டுக்கொண்டேன். ஆனால் அப்பா தம் காதுபட அந்தச் சொல்லை யாரையும் சொல்ல விட்டதில்லை. ஏன் என்று எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எழுது. ஆனா கவிதை மாதிரி எழுதுதேன்னு அவுகளத் தூக்கி வச்சிராத" என்றார் அம்மா.

முயல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதம். மார்ச் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் அந்த ஆண்டின் நிதி திரும்பிப் போய்விடும். அலுவலகமே ஓட்டமும் நடையுமாக இருக்கும். மருத்துவமனைகளுக்குப் படுக்கை விரிப்பு வாங்க டெண்டர் விட்டிருந்தார்கள். பகல் இரண்டரை மணிக்குள் உறையைப் பெட்டியில் போட வேண்டும். மூன்று மணிக்கு எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறந்து விலைகளை உரக்கப் படிப்பார்கள். அதுவரை எந்த விலையும் எவர் கண்ணிலும் படக் கூடாது. அதற்குத்தான் அரக்கும் பூட்டும்.

தில்லி ஓரத்து ஷாதராவில் ஆறு பெண்களை வைத்துத் தையல் கூடம் நடத்திய கமலேஷ் என்பவர் அன்று இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தபோது மணி இரண்டேகால். கணவரை இழந்தவர். சிறு தொழிலாகப் பதிவு செய்தவர்களுக்கு வைப்புத்தொகை கட்டாமலே டெண்டர் போடும் சலுகை உண்டு என்று அவருக்குச் சொல்லிப் பதிவு செய்ய வைத்ததே அப்பாதான். கமலேஷ் எண்களை எழுதுவார், தம் பெயரை எழுதுவார், அதற்கு மேல் எழுத்துத் தெரியாது. விலையை எண்ணால் எழுதியிருந்தார். சொற்களாலும் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. அது காலியாக இருந்தால் டெண்டர் செல்லாது. வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தருகிற டைப்பிஸ்ட் சாப்பிடப் போயிருந்தார்.

அப்பா தம் பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை எழுதிக்கொடுத்தார். கமலேஷ் உறையை ஒட்டி, அரக்கு வைத்து, பெட்டியில் போட்டார். அப்பாவின் கண்ணில் ஒரு விலை பட்டுவிட்டது. பெட்டியைத் திறக்கப் போகிறவரும் அப்பாவேதான்.

மூன்று மணிக்கு விலைகளைப் படித்தவர் வரதன் மாமா. நிதிப் பிரிவிலிருந்து வந்த உறுப்பினர், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், மதுரைக்காரர், வாய் நிறையச் சிரிப்பவர். காலனிப் பொங்கல் விழாவுக்கு ஆண்டுதோறும் அப்பா தமிழிலும் ஹிந்தியிலும் கையால் எழுதும் அழைப்பை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவரும் அவரே. கமலேஷின் விலையே எல்லாவற்றிலும் குறைவு. அதைப் படித்த மாமா, சுற்றி உட்கார்ந்திருந்த வியாபாரிகளை மறந்து, அப்பாவைப் பார்த்து ஹிந்தியில் விளையாட்டாகச் சொல்லிவிட்டார்: "அரே, இது நம்ம அண்ணாச்சி எழுத்து மாதிரில்ல இருக்கு!"

சிரித்தது அவர் மட்டும்தான். எதிரில் இருந்த வியாபாரி ஒருவர் எழுந்து, அந்தத் தாளைக் காட்டும்படி கேட்டார். மறுநாள் புகார் வந்தது. விசாரணை வந்தது.

விசாரணைக்குக் கூப்பிட்டுக் கேட்டபோது கமலேஷ், "என் தம்பி மகன் எழுதினான்" என்று சொல்லிவிட்டார். அப்பா கேட்காமலே அவருக்காகச் சொன்ன பொய். அந்தச் செய்தியோடு வரதன் மாமா சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். நான் அப்போது பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன்.

"அண்ணாச்சி, என் நாக்க அறுத்துப் போடணும். ஆனா அந்தம்மா உங்களக் காப்பாத்திருச்சு. நாளைக்கு உங்களக் கேப்பாங்க. தெரியாதுன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான். கேஸ் முடிஞ்சுது."

"எழுதினது நான்தான, வரதா."

"அட, அது உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதாதா? சர்க்காருக்கு எதுக்கு?"

அவர் போன பிறகு அப்பா கூடத்திலேயே நின்றார். அம்மா அடுப்படியிலிருந்து வந்தார்.

"நெசத்தச் சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்?"

"ப்ரமோஷன் நிக்கும். இன்க்ரிமென்ட் போகும்."

"அவளுக்கு?"

அப்பா என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்லுத, தாயி?" என்றார்.

எனக்கு அப்போது முப்பது வயது. உண்மை என்ற சொல்லின் மேல் பெரும் காதலோடு திரிந்த காலம். ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னேன்: "உண்மையத்தான் சொல்லணும்ப்பா. அதான் சரி."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் மாசம் பொறந்தாச் சம்பளம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்பா உண்மையை எழுதிக் கையெழுத்திட்டார். அவர் சொன்னபடியே பதவி உயர்வு நின்றது. டெண்டர் ரத்தானது, நிதி திரும்பிப் போனது, அந்த ஆண்டு மருத்துவமனைகளுக்குப் புது விரிப்பு கிடையாது. கமலேஷ் அரசிடம் பொய் சொன்னவர் ஆனார். ஐந்து ஆண்டுகளுக்கு எந்தத் துறைக்கும் எதுவும் விற்கக் கூடாது என்று உத்தரவு போயிற்று. சர்க்கார் ஆர்டரை நம்பி ஓடிய கூடம் அது. கோவில்பட்டியில் விழுந்த பூட்டு ஷாதராவிலும் விழுந்தது. இந்த முறை அதைப் பூட்டியது அப்பாவின் கை.

மூன்று மாதம் கழித்து அப்பா ஷாதரா போனார். நானும் கூடப் போனேன். தையல் இயந்திரங்களை ஒவ்வொன்றாகச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கமலேஷ் எங்களைப் பார்த்து ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், சாய் வரவழைத்தார். அவர் ஹிந்தியில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"பாபுஜி, நீங்க எனக்காக ஒரு வரி எழுதுனீங்க. நான் உங்களுக்காக ஒரு பொய் சொன்னேன். கணக்கு நேராத்தான் இருந்துச்சு. உங்க உண்மையை உங்க வீடு தாங்கிருச்சு. இந்த ஆறு பொம்பளைங்க எந்த வீட்டுக்குப் போவாங்க?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. அப்பா சாய் டம்ளரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆறிப்போன பிறகும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்ற பின் அப்பாவைத் தேடிச் சிறு வியாபாரிகள் வந்துகொண்டே இருந்ததை உறவினர்கள் பார்த்திருப்பீர்கள். துடைப்பம் கட்டுகிறவர், நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறவர், மூன்று பேரோடு பினாயில் தயாரிக்கிறவர். சாப்பாட்டு மேசையில் படிவங்களைப் பரப்பி வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பார். விலை எழுதும் இடம் வந்ததும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். "லிக்கோ பையா, எழுதுங்க, நான் பாக்கல" என்பார். எழுபது வயதை நெருங்கிய மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். தமிழ் படிக்கத் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கு இதை யாராவது வாசித்துச் சொல்லுங்கள்.

கமலேஷ் வரவில்லை. தடையை நீக்கக் கோரி அப்பா எழுதிய மனுக்களுக்குப் பதிலும் வரவில்லை. ஐந்து ஆண்டு முடிந்ததும் படிவத்தோடு அவரைத் தேடிப் போனார். சரோஜினி நகர் சந்தையில் ஒரு துணிக்கடை ஓரமாகச் சேலைகளுக்கு ஃபால் தைத்துக்கொண்டிருந்தார் கமலேஷ். "சர்க்கார் வேண்டாம் பாபுஜி. சேலை இருந்தாக் குடுங்க" என்றாராம். அம்மா தம் சேலைகளையெல்லாம் அங்கேதான் கொடுத்தார், பழைய சேலைகளையும் சேர்த்து. அப்பாவும் நானும் செய்யத் தெரியாமல் நின்றதை அம்மா சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார்.

கடைசி மூன்று வாரம் மருத்துவமனையில். அப்பாவைத் தம் தகப்பனைப் போல் பார்த்துக்கொண்ட நாகர்கோவில் செவிலியர் மேரி அக்காவுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. இரத்தம் கொடுத்த காலனிப் பிள்ளைகளுக்கும், ரயிலில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த கோவில்பட்டி உறவுகளுக்கும், பாடையின் முன்கொம்பைக் கடைசி வரை தோள் மாற்றாமல் சுமந்த வரதன் மாமாவுக்கும் எங்கள் நன்றி. கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பிப் போன கமலேஷ் அவர்களுக்கும். நான் கூப்பிட வாயெடுப்பதற்குள் அவர் பஸ் ஏறிவிட்டார்.

கடைசி நாள் காலை, மாற்றுத் துணி எடுத்து வர நான் வீட்டுக்குக் கிளம்பினேன். இரண்டு நாளாகப் பேசாமலிருந்த அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். எத்தனையோ ஆண்டுகளாக எனக்குள் ஊறிக்கொண்டிருந்ததை அப்போது கேட்டுவிட்டேன்.

"அப்பா, அன்னைக்கு உண்மையச் சொல்லுங்கன்னு நான் சொன்னது தப்பாப்பா?"

தலையை இல்லை என்பதுபோல் மெல்ல அசைத்தார். மூச்சு வாங்கி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அதுவே அவருடைய கடைசிப் பேச்சு.

"நீ அப்படித்தான் சொல்லுவன்னு தெரிஞ்சுதான் ஒன்னக் கேட்டேன், தாயி. ஷாதராவுக்குப் போயி அவளக் கேட்டிருக்கணும்."