படையலுக்கு முன் எடுத்து வைத்தது

"கொள்ளுத்தாத்தாவுக்குப் படைச்சத அத்தைப்பாட்டி சாப்பிட மாட்டாங்கன்னா, நாம செய்யறது தப்பாம்மா?" என்று என் ஆறு வயது மகள் கேட்டாள். "அவங்க நம்பிக்கை அப்படி" என்று தொடங்கினேன். "அப்ப நம்ம நம்பிக்கை?" என்றாள். பள்ளிப்பாடத்தை எடுக்கச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அவள் சொல்லும் அத்தைப்பாட்டி என் அப்பாவின் அக்கா. கல்யாணத்துக்குப் பிறகு பொந்தியானில் கிறிஸ்துவச் சபையில் சேர்ந்தவர். ஆனாலும் தீபாவளிக்குத் தவறாமல் குளுவாங்கில் எங்கள் வீட்டுக்கு வருவார். அன்று காலை தாத்தா படத்தின் முன் இலை போட்டுப் படைப்போம். படைத்ததை அத்தை தொடமாட்டார். அதனால் படைப்பதற்கு முன்பே அவர் பங்கு அதிரசத்தை அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் எடுத்து வைத்துவிடுவார். "பெத்த அப்பாவுக்கு வச்சத சாப்பிட்டா என்னவாம்?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்து வைப்பார்.

அந்த முணுமுணுப்பை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. தாத்தாவுக்காக வழக்காட என்னைவிட்டால் ஆளில்லை என்று நினைப்பு. படையல் முடிந்ததும் டின்னிலிருந்த அதிரசங்களை இலைக்கும், இலையிலிருந்தவற்றை டின்னுக்கும் மாற்றினேன்.

அத்தை இரண்டு சாப்பிட்டார். "இந்த வருஷம் பாகு நல்லா வந்திருக்கு லா" என்றார். மூன்றாவதைப் பிட்டபோது என்னால் அடக்க முடியவில்லை.

"அத்தை, அது தாத்தாவுக்குப் படைச்சது!"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியாக்கா? இன்னும் உயிரோடதான இருக்க!"

அத்தை கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார். விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று விருந்தாளிகள் முன்னாலேயே, "சிரிக்காதீங்க. நம்மள நம்பி சாப்பிட்டாங்க" என்றார். என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, பட்டுப்புடவையோடு அடுப்பைப் பற்றவைத்து, மிச்ச மாவில் அத்தைக்கு மறுபடியும் சுட்டார். அம்மா கட்சி மாறிவிட்டதாக நினைத்து நான் அழுதேன். மாறவில்லை; அடுத்த வருடமும் அதே முணுமுணுப்போடுதான் எடுத்து வைத்தார்.

அத்தையும் வந்தார். ஆனால் சாப்பிடும் முன், அதுவரை ஒருநாளும் கேட்காததைக் கேட்டார்: "இது முன்னாடியே எடுத்து வச்சதுதானே?"

"ஆமாங்க அண்ணி" என்றார் அம்மா. அம்மாவின் முகம் ஏன் அப்படி வாடியது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இந்தத் தீபாவளிக்கு அத்தை சிம்பாங் ரெங்கத்தில் என் வீட்டுக்கு வருகிறார். அவருக்கு எடுத்து வைப்பேன். மகள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். இரண்டு பக்கமும் தப்பில்லை என்று சொன்னால் மழுப்புவதாக நினைப்பாளோ? பேசாமல் அவளையே எடுத்து வைக்கச் சொல்லலாமா? ஆறு வயதுக்கு அந்தப் பொறுப்பு அதிகமோ? வீட்டிலேயே இரண்டு மதம் உள்ளவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொன்னீர்கள்? சொல்லிப் பலிக்காமல் போனதையும் சேர்த்தே எழுதுங்கள்.