பாரசிங்காவைக் கண்டம் செய்தவள்

நிஜாமுதீன் பாலத்தைத் தாண்டும்போதுதான் அந்த விளம்பரப் பலகையைப் பார்த்தேன். ‘பாரசிங்கா திரும்பி வந்துவிட்டது’ என்று இந்தியில் எழுதியிருந்தது. கீழே படத்தில், சேற்றில் ஒரு பச்சை ஜீப் நின்றது. அதன் முகம் புதிது. பெயரின் எழுத்துகள் மட்டும் பழையவை, அதே சாய்வு. “பையா, கொஞ்சம் மெதுவா” என்று இந்தியில் சொன்னேன். டிரைவர் வேகத்தைக் கூட்டினார். எங்கள் ஆபீசுக்கு வாடகைக் கார் விடுகிறவர்கள் மாதத்துக்கு ஒரு டிரைவரை அனுப்புகிறார்கள். ஒருவர் காதிலும் என் பேச்சு ஏறுவதில்லை.

மலைப் பாதைக்கும் மணலுக்கும் வண்டி செய்துவந்த கம்பெனி அது. நொடித்துப்போய் எல்லோரும் மறந்த பிறகு யாரோ வாங்கி மறுபடி திறந்திருக்கிறார்கள். புதுப் பெயர் வைக்க அவர்களுக்குத் தைரியம் இல்லை போலும், பழைய வண்டிகள் மூன்றின் பெயர்களையே தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். மூன்றும் மான்களின் பெயர்கள். மற்ற இரண்டும் எப்படிப் போனால் எனக்கென்ன. பாரசிங்கா என்னுடையது. என்னுடையது என்றால், சர்க்காருடையது. பதினோரு வருடம் நான் அதன் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் உறவு.

நிலத்தடி நீரை அளப்பது என் வேலை. மேவாத், அல்வர் பக்கம் ஊர் ஊராகப் போய், கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று பார்த்து எழுதவேண்டும். ஜீப்பை ஓட்டியவர் விழுப்புரத்துக் குடும்பம், டெல்லி ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பிலேயே பிறந்தவர். என்னைவிட ஐந்து வயது சின்னவர். தினக்கூலி டிரைவர். ஆபீஸ் வாசலில் அவருக்கு நான் மேடம். குருகிராம் தாண்டியதும் அக்கா. திரும்பும்போது அதே இடத்தில் மறுபடி மேடம் ஆகிவிடுவேன். யாரும் பேசிவைத்துக்கொண்டதில்லை, தானாக அமைந்தது.

கிணற்றில் அளவு நாடாவை இறக்குவது அவர் வேலையே இல்லை. ஆனாலும் அவர்தான் இறக்குவார். அளவைக் கத்திச் சொல்வார், நான் எழுதுவேன். வருடா வருடம் நாடா கூடுதலாக இறங்கவேண்டியிருந்தது. “தண்ணி ஓடி ஒளியுதுக்கா. அடுத்த வருஷம் இன்னொரு நாடா சேத்து எடுத்துகினு வரணும்” என்பார். பாதை இல்லாத இடத்தில் பாரசிங்கா குதித்துக் குதித்துப் போகும். ஜன்னல் முழுதாக மூடாது. எஞ்சின் சூட்டில் பாதம் வேகும். “தம்பி, குடலு வாய்க்கு வந்துரும் போலுக்கு” என்று நான் கத்துவேன். “வந்தா மடியில வச்சுக்கோங்கக்கா, ரோடு வந்ததும் உள்ள போட்டுக்கலாம்” என்பார். என் வாழ்க்கையில் வேறு யாரோடும் நான் அப்படிச் சிரித்ததில்லை. என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று ஆனதும், பாரசிங்காவை என்ன செய்வதென்று எங்கள் ஆபீசில் மூன்று பேர் கமிட்டி போட்டார்கள். நானும் ஒருத்தி. இரண்டு வழிகள் இருந்தன. ராஜஸ்தானில் இருந்த எங்கள் கிளை ஆபீஸ் வண்டியைக் கேட்டது, ஓட்டத் தெரிந்த ஆளையும் சேர்த்தே கேட்டது. அங்கே அனுப்பலாம். இல்லாவிட்டால் இனி உதவாது என்று எழுதிக் கண்டம் செய்து ஏலத்தில் விடலாம். கண்டம் செய்தால்தான் பதிலுக்குப் புது வண்டி கிடைக்கும். எனக்கு அப்போதுதான் பதவி உயர்வு வந்திருந்தது. ஏசி வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போகவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

“தினமும் அதில் போகிறவர் நீங்கள்தானே, நீங்களே எழுதிவிடுங்கள்” என்றார்கள் மற்ற இருவரும். ‘பழுது பார்த்துப் பயனில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுத்தப் பொய். அந்தக் குளிர்காலத்தில்தான் டிரைவர் தம்பி எஞ்சினைப் பிரித்து, மெக்கானிக்கோடு உட்கார்ந்து, புதிது மாதிரி ஆக்கியிருந்தார். வண்டியை ஏலத்துக்குக் கொண்டுபோன அன்று அவர் கேட்டபோது, “மேலிடத்து முடிவு தம்பி, நான் என்ன செய்ய” என்றேன்.

புது வண்டி வரவில்லை. இனிமேல் வாடகைக் கார் போதும் என்று அடுத்த உத்தரவு வந்தது. வண்டி இல்லாத தினக்கூலி டிரைவருக்கு வேலையும் இல்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார் என்று யாரோ சொல்லக் கேட்டேன். நான் இருக்கும் மயூர் விஹாரிலிருந்து ஜங்புரா ஒன்றும் காததூரம் இல்லை. ஆறு வருடமாகப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

பலகையைப் பார்த்த வாரமே ஷோரூமுக்குப் போனேன். விற்பனைப் பையன் நல்ல பிள்ளை. “இது பாரம்பரியப் பெயர், மேம்” என்றான். பாரசிங்கா என்றால் என்ன என்று கேட்டேன். பாவம், டேப்லெட்டில் தேட ஆரம்பித்தான். “மான் தம்பி, பன்னிரண்டு கிளைக் கொம்பு” என்று நானே சொல்லிவிட்டேன். ஸ்டீயரிங் பக்கம் உட்காரச் சொன்னான். நான் பழக்கதோஷத்தில் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தேன். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. முன்னால் ஒரு பெரிய திரை, குளிர்ந்த காற்று, மெத்தை மாதிரி சீட். நான் ஆசைப்பட்டது அத்தனையும் அங்கே இருந்தது. வலதுபக்கம் காலியாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பையன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். பெயரைத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு, அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தவரைக் கொண்டுவர வழியில்லை. அவரை நான்தான் அனுப்பினேன். அதை அவரிடம் சொல்லாமல் நான் ரிட்டயர் ஆகக்கூடாது என்று தோன்றியது.

வண்டியின் பின்னால் இருந்த பெயரைப் போட்டோ எடுத்துக்கொண்டு நேராக மதராசி கேம்ப்புக்குப் போனேன். கேம்ப் இல்லை. இடித்துவிட்டார்கள் என்று பேப்பரில் படித்தவள்தான் நான், ஆனாலும் அவர் வீடு மட்டும் எப்படியோ நிற்கும் என்று மனசில் ஓர் எண்ணம். பாராபுல்லா சாக்கடையும் அதன் ஓரத்தில் சமப்படுத்திய மண்ணும்தான் இருந்தன. ரோட்டோரம் இட்லி விற்ற அம்மாளிடம் விசாரித்தேன். “அவங்கள்லாம் நரேலா போய்ட்டாங்கம்மா, டெல்லிக்கு அந்தக் கோடி” என்று தன் போனிலிருந்து நம்பர் எடுத்துக் கொடுத்தார்.

போட்டோவை அனுப்பினேன். மறுநாள் மத்தியானம், டிபன் டப்பாவை மூடிவைத்துவிட்டு, போன் செய்தேன்.

“சொல்லுங்க மேடம்” என்றார். நான் யார் என்று சொல்லவேண்டியிருக்கவில்லை.

“பாரசிங்கா மறுபடி வந்திருக்கு தம்பி. போட்டோ பாத்தியளா?”

“பாத்தேன் மேடம். நல்லா செஞ்சிருக்காங்க. பேரு மட்டும்தான் நம்ப வண்டிது.”

வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டேன். சௌக்கியம் என்றார். அதற்குமேல் சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை இல்லை.

“தம்பி, ஒண்ணு சொல்லணும். மேலிடம்னு சொன்னேம்லா, அது பொய். அந்த ரிப்போர்ட்ட எழுதினது நாந்தான்.”

“தெரியும் மேடம்.”

“எப்படி?”

“கவர என்கிட்டதான குடுத்து அனுப்பினீங்க. அதே வண்டியிலதான எடுத்துகினு போனேன். ஹெட் ஆபீஸ் கிளார்க் பிரிச்சு எனக்குப் படிச்சுக் காட்டினாரு. அச்சா, உன் வண்டி போச்சுன்னாரு.”

அந்தக் கவரைக் கொடுத்த பிறகும் அவர் என்னை ஓட்டிக்கொண்டு போனார். கடைசிச் சுற்று அல்வர், ஒன்பது நாள். கிணறு கிணறாக நாடாவை இறக்கினார். வழியில் நிறுத்தி, கொய்யாப்பழம் வாங்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். நான் அதைத் தின்றுகொண்டே ஏதோ கதை பேசினேன்.

“ஏன் தம்பி அப்பவே என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன் மேடம். ஒம்போது நாள் இருந்துச்சே.”

பின்னால் பிள்ளைகள் இந்தியில் சண்டை போடும் சத்தம் கேட்டது. ஸ்கூல் விடுகிற நேரம், வேன் எடுக்கவேண்டும் என்றார். ஒருநாள் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டேன்.

“நரேலா ரொம்ப தூரம் மேடம்” என்றார்.