இறங்கிக்கொண்டிருந்த தெரு

நில அளவை அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘மட்டம்மா’ என்றுதான் கூப்பிட்டார்கள். மட்டம் பார்ப்பது அவள் வேலை. ஊருக்கு வெளியே இருந்த பாறைக்குன்றிலிருந்து தொடங்கி, சுவர்களில் பதித்த பித்தளைக் குமிழ்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று வருடத்துக்கு ஒருமுறை அளந்து எழுதுவாள். முக்காலியில் நிறுத்திய கருவிக்குள் அவள் ஒற்றைக் கண்ணால் பார்க்க, எதிரே அளவுகோலைப் பிடித்தபடி கோல்காரர் நிற்பார். பதினொரு வருடமாக இதே ஜோடி. “நாம பேசினதைவிட தூரத்துல நின்னு கையசைச்சதுதான் அதிகம்” என்பார் அவர்.

சாலை வேலை நடந்ததால் கிழக்குத் தெருவை மட்டும் நான்கு வருடம் விட்டுவைத்திருந்தார்கள். அந்த வருடம் அளந்தபோது அங்கிருந்த குமிழ் ஒரு சாண் கீழே போயிருந்தது.

“கோலை நேரா பிடிங்க.”

“நேராத்தாம்மா பிடிச்சிருக்கேன்.”

கருவிக் கோளாறாக இருக்கும் என்றார் அதிகாரி. வேறு கருவி வாங்கிக்கொண்டு குன்றிலிருந்து மறுபடி தொடங்கினாள். மூன்று நாள் வெயில். அதே ஒரு சாண்.

அதன்பிறகு அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக்கு நடுவே எழுந்து போய்ச் சுவர் விரிசலில் விரல் வைத்துப் பார்ப்பாள். “ஆபீஸ் போதாதுன்னு வீட்டையும் அளக்க ஆரம்பிச்சிட்டியா?” என்று கணவர் கேட்டார். தெரு இறங்குவதன் காரணம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆழத்தில் களிமண் அடுக்குகள் இருக்கின்றன; நீரை உறிஞ்ச உறிஞ்ச அவை அமுங்கும், மேலே உள்ள தரையும் கூடவே இறங்கும். கிழக்குத் தெருவில் ஐந்து ஆழ்குழாய்க் கிணறுகளோடு லாரிகளுக்குத் தண்ணீர் நிரப்பும் இடம் ஒன்று இருந்தது. அது அவள் அண்ணனுடையது. அப்பா போனபிறகு அவளைப் படிக்கவைத்தவர் அவர்தான்.

அறிக்கை எழுதும் முன் அவரைப் பார்க்கப் போனாள். லாரிகள் வரிசையில் உறுமிக்கொண்டிருந்தன. மோட்டார் அறைக்கு முன்னால் நின்றவள் பேச வந்ததை மறந்துவிட்டாள். குழாயைச் சுற்றிப் போட்டிருந்த சிமெண்ட் மேடை தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அதில் ஏற இரண்டு புதுப் படிகள்.

“இது எப்பண்ணா கட்டினது?”

“ஒண்ணு போன வருஷம். இன்னொண்ணு அதுக்கும் முன்னாடி. பைப்பு மேல வந்துக்கிட்டே இருக்கு, என்ன எழவோ.”

“பைப்பு வரலண்ணா. அது அடிப்பாறையில நிக்குது. தரைதான் கீழ போகுது.”

அண்ணன் குனிந்து மேடைக்கு அடியில் கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போனது.

“நீ எழுதினா மூடச் சொல்வாங்க.”

“ஆமா.”

“எழுதாம இருக்க முடியாதா?”

“பின்னாடி ஆஸ்பத்திரி இருக்கு. அதுவும் சேர்ந்து இறங்கும்.”

“நான் நிறுத்தினா தரை மேல வந்துடுமா?”

“வராது. அமுங்கினது அமுங்கினதுதான். இனிமே இறங்குறது குறையும்.”

அவர் கையை உதறிக்கொண்டு லாரிப் பக்கம் போய்விட்டார். அவள் மனம் நொந்துதான் அறிக்கையை எழுதினாள். இரண்டு மாதத்தில் மூன்று கிணறுகளுக்குச் சீல் வைத்தார்கள். மீதி இரண்டும் தினம் சில மணி நேரம்தான் ஓடலாம் என்றார்கள். அண்ணன் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். அண்ணி மட்டும் அவ்வப்போது போன் செய்து, “அவரு கோபம் உன் மேல மட்டும் இல்லம்மா” என்று சொல்லி வைத்துவிடுவாள்.

மறு வருடம் கிழக்குத் தெருவில் கருவியை நிறுத்தியபோது அண்ணன் வாசலுக்கு வந்து நின்றார். அளந்து முடிந்ததும் கேட்டார்.

“எவ்வளவு?”

“ஒரு விரற்கடை.”

“அப்ப நிக்கல.”

“நிக்கலண்ணா. மெதுவாயிருக்கு.”

“மீதி ரெண்டையும் நிறுத்தினா?”

“தெரு முழுக்க வீட்டுக்கு வீடு போர் இருக்கு. எல்லாரும் நிறுத்தணும்.”

அவர் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். எத்தனை வீடு என்று எண்ணுவதுபோல் இருந்தது. பிறகு, “மத்தியானம் சாப்பிட வா. அண்ணி சொன்னா” என்றார். அவள் தலையாட்டிவிட்டு முக்காலியைத் தோளில் தூக்கினாள். அடுத்த குமிழ் ஆஸ்பத்திரிச் சுவரில். பின்னால் வந்த கோல்காரர் மூச்சு வாங்க, “மெதுவா போம்மா” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் காதில் அது விழவில்லை.