குழிக்கு எடுத்த கல்

எங்கள் வளைவில் கிடந்த குழியைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். பாறசாலையிலிருந்து செங்கல் என்ற ஊர்ப் பக்கம் போகிற ரோட்டில், மரவள்ளி போட்டிருந்த என் மரச்சீனி விளையை ஒட்டி அந்த வளைவு. குழி ரோட்டின் நடுவில் கிடந்தது. பஸ்காரர்கள் அதில் விழாமலிருக்க வண்டியை ஓரத்துக்கு ஒடிப்பார்கள். அந்த ஓரமாகத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். ஒருநாள் பஸ் என் மகளை உரசிக்கொண்டு போனது. சிலேட்டு நொறுங்கியது, முழங்கை பிய்ந்தது, உயிர் தப்பியது.

"அந்தக் குழிய அடச்சா பிள்ள படிக்கப் போவா. இல்லெங்கி வீட்டுல இருக்கட்டு," என்றாள் என் மனைவி. அவள் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வருஷம் எந்தெந்த ரோட்டைச் செப்பனிடுவது என்று முடிவெடுக்கப் பஞ்சாயத்தில் கூட்டம் போட்டார்கள். எல்லைக் கிளர்ச்சி மூண்டிருந்த காலம். எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பவர்களும் கூடாது என்பவர்களும் சந்தையில்கூட தள்ளித் தள்ளி நின்றார்கள். கூட்டத்தில் மட்டும் எல்லாரும் ஒன்றாகக் கத்தினோம். பஸ் ஹாரன் அடிப்பதில்லை, சந்தை நாளில் ஆளைப் பார்க்காமல் ஓட்டுகிறான், ஓடை உடைந்து ரோடெல்லாம் தண்ணீர். அம்பூரியில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த பிரசிடென்ட் பொறுமையாகக் கேட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் வளைவைத்தான் முதல் வேலையாக எடுத்தார். லாரியில் கல் வந்து ரோட்டோரம் குவிந்தது.

அந்த வாரமே வேறொரு ஊரில் எவனோ ரோட்டுக் கல்லை எடுத்து பஸ் கண்ணாடியை உடைத்தான். மறுநாள் போலீஸ் வந்து எங்கள் கல்லை அள்ளிக்கொண்டு போனது. ரோட்டோரம் ஒரு கல்கூடக் கிடக்கக் கூடாதாம்.

பிரசிடென்ட் வீட்டுக்குப் போனேன்.

"கல்லு எப்ப திரும்பி வரும்?"

"எல்லைச் சண்ட தீரட்டு ஓய்."

"அது எப்ப தீரும்?"

"எங்கிட்ட கேட்டா? டில்லியில போய்க் கேளும்."

"குழி டில்லியிலயா கெடக்கு?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அடுத்த வீட்டுக்காரர் மலையாள வாத்தியார். நான் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்கிற ஆள், அவர் கூடவே கூடாது என்கிறவர். ஆனால் அவருடைய பிள்ளைகளும் அதே ஓரத்தில்தான் நடந்தார்கள். நான் என் விளையின் கல் கையாலையை இடிக்கத் தொடங்கியபோது, ஒன்றும் கேட்காமல் கடப்பாறையோடு வந்து நின்றார். அந்த மதிலை என் அப்பா கட்டினார். போகட்டும் என்று இடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஆணும் பெண்ணுமாகக் கூடையில் கல் சுமந்தோம். வேலை நடக்கும்போது பஸ் வந்து ஏறிவிடக் கூடாதே என்று, ரோட்டு வேலைக்காரர்கள் செய்வதுபோல இரண்டு பக்கமும் குறுக்கே கல் வைத்து, ஒரு கம்பில் சிவப்புத் துணி கட்டினோம். முறையாகச் செய்கிறோம் என்று நினைத்தோம்.

முதலில் வந்த பஸ் டிரைவர் பார்த்தான். குறுக்கே கல், சிவப்புத் துணி, கூட்டம். இறங்கிக்கூடக் கேட்கவில்லை. வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போய், மறியல் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டான்.

குழி பாதி நிறைந்திருந்தபோது போலீஸ் வந்தது.

"இவிடெ ஆரா நேதாவு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நேதாவு இல்லா சாரே, குழியே உள்ளூ," என்றார் வாத்தியார்.

தலைவன் யார் என்று கேட்டவரிடம் குழிதான் இருக்கிறது என்று சொன்னால் கேலியாகத்தானே படும்? முதல் அடி அவருக்கே விழுந்தது. பிறகு எல்லாருக்கும். எங்கள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். நிரப்பிய கல்லையும் தோண்டி எடுத்து, தொண்டி, அதாவது வழக்குக்குச் சாட்சிப் பொருள், என்று ஸ்டேஷனுக்கு ஏற்றினார்கள். குழி முன்பைவிட ஆழமானது.

லாக்கப்பில் வாத்தியார் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ஓய், ஒம்ம கட்சிக்காக நான் ஜெயிலுக்கு வந்திருக்கேன். தமிழ்நாடு கெடச்சா எனக்கு என்ன தருவீரு?"

"அடைக்காத குழி ஒண்ணு உண்டு. எடுத்துக்கிடும்."

ஜாமீனில் வெளியே வந்தபோது கிளர்ச்சிக்காரர்கள் மாலையோடு நின்றார்கள். தியாகி வாழ்க என்றார்கள். வாத்தியார் கழுத்திலும் ஒன்று விழுந்தது. அவர் முகம் போன போக்கு!

"மால வேண்டாம். ஆளுக்கு ஒரு கூட கல்லு கொண்டு வாங்க," என்றேன்.

"மொதல்ல எல்லை, அண்ணாச்சி. பொறவாக்கும் ரோடு," என்றான் ஒருவன்.

"எல்லை வாறது வரைக்கும் எம்பிள்ள எங்க நடப்பா?"

அவர்கள் அடுத்த கோஷத்துக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் எங்கள் வளைவு வேலையிலிருந்து தள்ளப்பட்டது. கலகம் நடந்த இடமாம், போலீஸ் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு மண்வெட்டி விழக் கூடாதாம். குழியை அடைக்கப் போன நாங்களே அது அடைபடாமல் போகக் காரணமானோம். மகளைக் கையைப் பிடித்து நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். ஆனால் வழக்கு முடியும்வரை தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் போகிற நேரமும் அதுதான். வாத்தியார் தன் பிள்ளைகளை நெய்யாற்றின்கரையில் தங்கை வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார். எனக்கு அப்படி விட ஒரு வீடு இல்லை. மகள் வீட்டிலேயே இருந்தாள். மரச்சீனி வாட்டினாள், ஆடு மேய்த்தாள்.

இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்துக் கடைசியில் எல்லை போட்டார்கள். எங்கள் ஊர் கேரளத்தோடு நின்றுவிட்டது. கொஞ்சம் கழித்துக் கல் வந்தது, தார் வந்தது, குழி போனது. அன்று மாலையே மகளிடம், நாளைக்குப் பள்ளிக்கூடம் போ என்றேன்.

"சின்னப் பிள்ளையளுக்க கூட இருந்து படிக்க எனக்கு நாணமாக்கும் அப்பா," என்றாள். என் மனைவி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

பஞ்சாயத்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. பிரசிடென்ட் நாற்காலியில் இருந்த ஆளைப் பார்த்துக் கத்தினேன். அவர் புதியவர், என்னைத் தெரியாது.

"ரோடு போட்டாச்சே. இனி என்ன கொறை?" என்று கேட்டார்.