பிரேக்கைத் துடைத்தவர்

என் முதல் மோட்டார் சைக்கிளைத் தென்காசியில் ஒரு மரக்கடைக்காரரிடம் பழையதாக வாங்கினேன். நாற்பதை எட்டாத வயதிலேயே அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பேசிக்கொண்டே தோள் துண்டை எடுத்துப் பிரேக் மிதியைத் துடைப்பார். அதில் அழுக்கு எதுவும் இருக்காது.

குற்றாலத்தில் சீசன் நேரம் அது. எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு, வெறுங்காலோடு நேரே அவரிடம் போயிருந்தேன். வண்டியை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டதும் அவர் என் பாதங்களைப் பார்த்தார்.

"எண்ணெ தேச்சிக் குளிச்சியளோ?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்பம் இன்னைக்கு வேண்டாம். எண்ணெக் காலு பிரேக்குல நிக்காது, வழுக்கிரும். நாளைக்குச் செருப்பு போட்டுட்டு வாங்க."

"அதான் அருவியிலயே எண்ணெ போயிருமே?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார்.

மறுநாள் ஓட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது பின் சீட்டு எங்கே என்று கேட்டேன். போல்ட் கழற்றிய துளைகள் மட்டும் இருந்தன.

"சீட்டு வீட்டுல இருக்கு. அத மட்டும் கேக்காதிய" என்றவர், குனிந்து, இனி என்னுடையதாகிவிட்ட அந்தப் பிரேக்கை மறுபடியும் துடைத்தார்.

அதில் உட்கார்ந்து போனது யார் என்று நான் கேட்கவில்லை. அந்த வண்டி என்னிடம் இருந்தவரை அதற்கு வேறொரு பின் சீட்டுப் போட எனக்கு மனம் வரவில்லை.