இதழ் எந்த மாதம் நின்றது

கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏனுங்க, நீங்க அந்த புக்குல எழுதறவங்கதானுங்க? இப்பெல்லாம் எங்க ஊட்டுக்கு வர்றதே இல்லீங்களே. நின்னுபோச்சுங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். எந்த மாதம் நின்றது என்று அடுத்துக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்த இதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எழுதியவள் நான்தான். அது ஏன் அப்படி ஓடியது, பிறகு ஏன் ஓடாமல் போனது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தொடங்கியவர் ஓர் அச்சக முதலாளி. பனியன் கம்பெனிகளுக்கு விலை அட்டையும் பெட்டிமேல் ஒட்டும் ஸ்டிக்கரும் அடித்துக் கொடுப்பவர். கோவையில் உறவினர் வீட்டுக்குப் போனபோது, அந்தக் குடியிருப்புப் பகுதிக்கென்றே பளபளப்பான தாளில் ஒரு மாத இதழ் இலவசமாக வருவதைப் பார்த்திருக்கிறார். அங்கே வசிப்பவர்களின் வீடு, சமையல், குழந்தைகளின் பிறந்தநாள், இவ்வளவுதான் அதில். திரும்பி வந்ததும் ஆள் தேடினார். நான் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் துணி வாங்கும் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்து, மகள் பிறந்ததும் வேலையை விட்டிருந்தேன்.

"எழுத வருமுங்களா அம்மிணி?"

"மெயில்தானுங்கண்ணா எழுதியிருக்கேன்."

"அப்பறம் என்ன? அதேதான். கொஞ்சம் சிரிச்ச மாதிரி எழுதோணும்."

யாருக்காக எழுதுவது என்று கேட்டேன். "நம்ம சனத்துக்குத்தான்" என்றார். அவருடைய சனம் யார், என்னுடைய சனம் யார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. என் கணவர் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். நாங்கள் இருந்தது வாடகை வீட்டில். அட்டையில் போட வேண்டியவை சொந்தமாகக் கட்டிய மாடி வீடுகள்.

முதல் இதழ் வந்த வாரமே போன் அடிக்கத் தொடங்கியது. "எங்க ஊட்டை எப்பங்க போடுவீங்க?" என்று கேட்டவர்களில் நான் பத்து வருடமாகத் தெருவில் பார்த்தும் பேசாதவர்கள் இருந்தார்கள். ஒரு பிறந்தநாள் படத்தில் குழந்தையின் இனிஷியல் மாறிவிட்டதற்கு ஒரு தாத்தா வெயிலில் நடந்தே அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். அவர் இன்னும் இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

படம் எடுக்க என்னோடு வந்தவன் மதுரைப் பக்கத்திலிருந்து இங்கே பிழைக்க வந்த தம்பி. கல்யாண ஆல்பம் எடுப்பவன். எங்கே போனாலும் முதலில் சமையலறையைத்தான் காட்டுவார்கள். கருங்கல் மேடை, கண்ணாடி அலமாரி, புகைபோக்கி எல்லாம் புதிதாக இருக்கும். ஒரு வீட்டில் அவன் என் காதருகில் குனிந்து, "அக்கா, இந்த அடுப்புல பாலு கூடக் காய்ச்சுனதில்ல போலயே" என்றான். அந்த வீட்டுக்காரம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"இங்க தாளிச்சா எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக்குமுங்க. சோறாக்கறது பொறவால" என்று பின்பக்கத்துத் தகரக் கொட்டகையைக் காட்டினார். ஒளிவுமறைவே இல்லை. கொட்டகையிலிருந்து ரசம் கொதிக்கிற வாசம் வந்தது. நான் முன்பக்கத்துச் சமையலறையைப் பற்றி எழுதினேன். அதற்கு நிறையப் பாராட்டு வந்தது.

ஒருமுறை நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு கம்பெனி விடுதிக்கு மகளிர் தின நிகழ்ச்சிக்காகப் போனேன். தையல் பிரிவில் வேலை செய்யும் ஒடிசாப் பெண்கள் தங்கும் அறை. சுவரில் எங்கள் இதழிலிருந்து வெட்டிய வீடுகள் ஒட்டியிருந்தன. படிக்கட்டு ஒரு வீட்டுடையது, ஊஞ்சல் வேறொரு வீட்டுடையது, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெரிய வீடாக ஆக்கியிருந்தார்கள். ஒரு பெண் தன் கட்டிலுக்கு நேர் மேலே இருந்த ஜன்னலைத் தொட்டு, "மேரா" என்று சொல்லிச் சிரித்தாள். என்னுடையது. அவர்களில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. இதழ் அங்கே எப்படிப் போனது என்றும் தெரியவில்லை. முதலாளியிடம் வந்து சொன்னேன். "அப்படீங்களா" என்றவர் சற்று யோசித்துவிட்டு, "அதை எழுத வேண்டாம் அம்மிணி" என்றார்.

அவிநாசிப் பக்கத்து வீடு ஒன்று அட்டைப்படமாக வந்தது அதற்குப் பிறகுதான். இளம் தம்பதி. கணவர் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள் போட்டு நடத்துபவர். மணிக்கணக்காக அவரே பேசினார். ஒரே ஒரு கேள்வியை நான் மனைவியைப் பார்த்துக் கேட்டேன்.

"வீட்டுல உங்களுக்குப் புடிச்ச இடம் எதுங்க?"

"மாடிப்படிக்குக் கீழ இருக்கற சந்துங்க" என்றாள். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தாள். நானும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு அப்படியே எழுதினேன். ஊஞ்சலில் இருவரும் சேர்ந்து சிரிக்கிற படம் அட்டைக்குப் போனது.

இதழ் பாதித் தெருக்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தபோது அந்தக் கணவர் போன் செய்தார். "அவ ஊட்டை உட்டுட்டு அவங்க அம்மா ஊட்டுக்குப் போயிட்டாளுங்க. இந்த நேரத்துல இந்தப் படத்தைப் பாத்தா நாலு பேரு என்னங்க பேசுவாங்க?" முதலாளி மீதிப் பிரதிகளை அச்சகத்திலேயே நிறுத்திவிட்டார்.

சில நாள் கழித்து அந்தப் பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அவளும் திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கேட்டது வேறு. "பெருசா ஒரு படம் போட்டுக் குடுப்பீங்களாக்கா? ஊஞ்சல்ல எடுத்தது. எங்கம்மா ஊட்டுல மாட்டலாமுன்னு."

படம் எடுத்த தம்பிதான் கேட்டான், "அவரையும் சேத்தாங்க மாட்டப் போறீக?"

"அவரில்லாம எப்படிங்க? அன்னிக்கு அவரும் நல்லாத்தான இருந்தாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. படத்தை வாங்கிக்கொண்டு, முன்பக்கம் துப்பட்டாவை இழுத்துச் செருகி வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள். அவர்கள் மறுபடி சேர்ந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. நான் அந்த வீட்டில் பார்த்தது எது, எழுதியது எது என்று பல நாள் யோசித்தேன். அவள் சிரிப்பு பொய்யில்லை. மாடிப்படிச் சந்தும் பொய்யில்லை.

அந்த இதழோடுதான் சரிவு தொடங்கியது என்று நான் நினைத்தேன். படம் எடுத்த தம்பி இல்லை என்றான். எல்லார் கையிலும் போன் இருக்கும்போது ஒரு மாதம் காத்திருந்து யார் பார்ப்பார்கள் என்பது அவன் கட்சி. அச்சகத்து மேனேஜர் ஏற்றுமதி ஆர்டர் குறைந்ததைக் காரணம் சொன்னார். முதலாளியோ புது மிஷின் வாங்குகிற மும்முரத்தில் இருந்தார். அட்டையில் வீட்டுக்குப் பதில் பள்ளிக்கூட விளம்பரம் வந்தது. சமையல் பக்கம் சுருங்கி ஒரு ஓரத்துக்குப் போனது. ஆனாலும் எனக்குப் போன் வந்துகொண்டுதான் இருந்தது. வேண்டும் என்று கேட்கிறார்கள், எடுத்துப் படிக்க மட்டும் மாட்டேன் என்கிறார்கள். இது எந்தக் கணக்கு என்று புரியவில்லை.

அப்படி வந்த போன்களில் ஒன்று திருமுருகன்பூண்டியிலிருந்து. கம்பெனியில் டெய்லராக இருக்கும் பெண். கணவர் சிலைப் பட்டறையில் மெருகு போடுபவர்.

"எங்க ஊடெல்லாம் போடுவீங்களாக்கா? சின்னதுதானுங்க. இப்பத்தான் கட்டுனோம்."

போடுகிறேன் என்றேன். யாரையும் கேட்காமல் நானே சொன்ன முதல் சொல் அது. நாங்கள் போனபோது வெளிச்சுவரில் பச்சைப் பெயிண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. படத்துக்காக அடித்ததாம். தெருவில் கல் செதுக்கும் சத்தத்துக்கு நடுவே அவள் ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். எங்களுக்கு ஒப்பிட்டு என்கிற போளி போட்டுத் தந்தாள், அந்தப் பக்கத்து அரிசிப் பருப்புச் சோறும் இருந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் அனுப்பினாள்.

அந்த மாதம் முதலாளி, "இந்த மாசம் இருக்கட்டும் அம்மிணி. அடுத்த மாசம் சேத்துப் போட்டுக்கலாம்" என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். துணியில் தைக்கிற லேபிள்களைச் சரிபார்க்கும் மேசைக்கு என்னை மாற்றினார்கள். துவைக்கும் முறை, இஸ்திரி சூடு, இவற்றில் எழுத்துப் பிழை பார்க்கிற வேலை. சம்பளம் ஒழுங்காக வந்தது. ஒருநாள் நேராகவே கேட்டேன், "இதழை நிறுத்திட்டீங்களாண்ணா?"

அவருக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. "நான் எப்ப நிறுத்தறேன்னு சொன்னேன்? அப்படிச் சொல்லவே இல்லீயே!"

உண்மைதான், சொல்லவில்லை.

பூண்டிப் பெண் மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக் கேட்பாள். நானும் முதலாளி சொன்னதையே அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் எனக்கும் அதுதான் தெரியும். கடைசியில் ஒரு மதியம், "கண்ணு, இனி வராதுன்னு நினைக்கிறேன்" என்றேன்.

பின்னால் கல் சத்தம் கேட்டது.

"செரீங்கக்கா. நாங்களே போட்டுக்கறமுங்க" என்று வைத்துவிட்டாள்.

எதைப் போடுவாள் என்று நான் விளங்கிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோ அனுப்பினாள். போனைக் கையில் பிடித்தபடி வாசலிலிருந்து தொடங்கி அவளே பேசிக்கொண்டு போகிறாள். இது ஹாலுங்க, இந்த ஜன்னல் எங்க வீட்டுக்காரர் புடிச்சு வெச்சது, இங்க நின்னா கோயில் கோபுரம் தெரியுமுங்க. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துகிறாள். எங்கே சிரிக்க வேண்டுமோ அங்கே சிரிக்கிறாள். பாதியில் கணவர் சட்டையில்லாமல் குறுக்கே வந்து ஓடுகிறார், அதையும் அவள் வெட்டவில்லை. நான் எழுதியிருந்தால் அவரை வெட்டியிருப்பேன்.

அதன் கீழே ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "எப்படி இருக்குதுங்கக்கா? எல்லாரும் பாக்கற மாதிரி நெட்டுல போடறதுக்கு முன்னால ஏதாச்சும் மாத்தோணுமுங்களா?"

மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். சந்தோஷப்படுகிறேனா, வயிறு எரிகிறதா என்று எனக்கே பிடிபடவில்லை. மாற்ற வேண்டியது ஒன்றும் இல்லை என்று எழுதினேன். அனுப்பிய பிறகு, ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் என்று தோன்றியது. அதைச் சொல்வதா வேண்டாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.