பொலிஸும் பெண்ணின் தாயும் அழிக்கச் சொன்ன துண்டு

சுவிசில் தமிழ்க் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பது என் தொழிலாக இருந்தது. அதற்கு முன் லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன். இப்போது முழங்கால் விடுவதில்லை, கமராக்களை இளையவர்களிடம் கொடுத்துவிட்டேன். லென்ஸ் பற்றி அவர்கள் என்னிடம் கேட்பதில்லை. அதெல்லாம் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணை, பொலிஸ் வந்தா கமராவை நிப்பாட்டவேணுமோ?" ஓம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கு நடந்ததை எழுதுகிறேன். ஊரின் பெயரை எழுதவில்லை. வழக்கு முடிந்துவிட்டது, ஆனால் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

1. ஞாயிற்றுக்கிழமை மேளம்

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமையில் வெறும் போத்தலைக்கூட அதற்குரிய தொட்டியில் போடக்கூடாது, சத்தம் வரும். அப்படிப்பட்ட ஒரு ஞாயிறு காலையில் நாங்கள் ஒரு மண்டபத்தின் முன்னால், நடு வீதியில், தவில் அடித்துக்கொண்டிருந்தோம். ஐயர் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் அது. ஐயருக்குச் சுவிஸ் சட்டம் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பஞ்சாங்கம் தெரியாது. அவர் பொலிசுக்கு ஃபோன் அடித்துவிட்டார்.

மாப்பிள்ளை மண்டப வாசலில் வந்து இறங்கியிருந்தார். எங்கள் வழக்கப்படி பெண்ணின் சகோதரன்தான் தோழன். அவன் செம்பில் தண்ணீர் எடுத்து மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்துப் போகவேண்டும். இந்தக் கல்யாணத்தில் தோழன் கஜன். கைக்குழந்தையாக இங்கே வந்தவன், முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளர் வேலை. கிழவர் கிழவிகளுக்குக் குளிக்க வார்ப்பதும் கால் கழுவித் துடைப்பதும் அவனுக்குத் தினசரி வேலை. சுவிஸ் பாஸ்போட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

கால் கழுவும்போது கமரா காலில்தான் இருக்கவேண்டும். இது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். மாப்பிள்ளையின் முகத்தைக் கல்யாணம் முடியும்வரை எடுக்கலாம், கால் ஒருதரம்தான் கழுவப்படும். அதைத் தவறவிட்டவனைப் பெண் வீட்டார் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் மன்னிக்கமாட்டார்கள். ஆகவே நான் குந்தி இருந்து, தாம்பாளத்தையும் மாப்பிள்ளையின் இரண்டு பாதங்களையும் மட்டும் ஃபிரேமில் வைத்திருந்தேன்.

அப்போது பொலிஸ்காரர் இருவர் வந்தார்கள். ஒருவர் இளையவர், ஒருவர் நடுவயது. "இதற்கு யார் பொறுப்பு?" என்று இளையவர் கேட்டார். கல்யாண வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி. பெண்ணின் மாமா சித்தப்பாவைக் காட்டினார், சித்தப்பா மேளக்காரரைக் காட்டினார், மேளக்காரர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் இளையவர் தலைப்பாகை கட்டியிருந்தவரே தலைவர் என்று முடிவு செய்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். என் ஃபிரேமுக்குள் மூன்றாவதாக ஒரு கறுப்புச் சப்பாத்து வந்தது.

கஜன் குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் சப்பாத்தைக் காணவில்லை. தண்ணீர் அதன்மேல் விழுந்து காற்சட்டையிலும் தெறித்தது. பொலிஸ்காரர் துள்ளினார். கஜன் திடுக்கிட்டு நிமிர்ந்தான், செம்பு அவருடைய முழங்காலில் பட்டது. அடுத்த நிமிடம் கஜன் பட்டு வேட்டியோடு தாரில் முகம்குப்புறக் கிடந்தான். தவில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட அமைதி கிடைத்தது.

2. ஓம், பிறகு

நான் நிறுத்தவில்லை. அதைத் துணிச்சல் என்று யாரும் எழுதவேண்டாம். கால் கழுவி முடியவில்லை, முடியாத சடங்கில் கமராவை நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை. கஜன் இப்போது நிலத்தில் கிடந்ததால் ஃபிரேம் போதவில்லை. முழு ஆளையும் எடுக்கப் பின்னால் போனேன், இன்னும் கொஞ்சம் போனேன்.

நடுவயதுப் பொலிஸ்காரர் என்னிடம் வந்தார்.

"கமராவை நிறுத்துங்கள். எங்களை எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை."

"நான் கல்யாணத்தை எடுக்கிறேன்" என்று எனக்குத் தெரிந்த டொச் மொழியில் சொன்னேன்.

"இது கல்யாணம் இல்லை. இது பொலிஸ் நடவடிக்கை."

"இரண்டும் ஒரே இடத்தில் நடக்கிறது."

"எடுத்ததை என் கண்முன்னால் அழியுங்கள்."

அந்தக் கார்டில் விடியற்காலை பெண்ணுக்குத் தலை பின்னியதிலிருந்து எல்லாம் இருந்தது. நான் "ஓம், பிறகு" என்றேன். அரசாங்க ஆட்களோடு பழகி எங்கள் தலைமுறை கற்றுக்கொண்ட பதில் அது. மறுத்ததாகவும் இருக்காது, செய்ததாகவும் இருக்காது. அவர் என் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டார். அதற்குள் தோழனை வாகனத்தில் ஏற்ற ஆயத்தமாகி விட்டார்கள். அந்த அவசரத்தில் என் கமரா தப்பியது.

முகூர்த்தம் யாருக்கும் காத்திருக்காது. பெண்ணின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனைப் பிடித்து நிறுத்திக் கால் கழுவி, நேரத்துக்குத் தாலி கட்டினார்கள். நான் எல்லாவற்றையும் எடுத்தேன். பெண் அழுதது தகப்பனைப் பிரிவதால் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். பின்னேரம் கஜன் திரும்பி வந்தான். கன்னம் உரஞ்சியிருந்தது. பந்தியில் போய் இருந்து சாப்பிட்டான். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் வேறு எந்தக் கல்யாண வீட்டிலும் வந்ததில்லை. சம்பளம் தராமல் ஓடிய மாப்பிள்ளை வீட்டார்மேல்கூட அவ்வளவு வரவில்லை.

3. எல்லோருக்கும் ஒவ்வொரு வேண்டுகோள்

அடுத்த நாளே மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஃபோன் எடுத்தார்கள்.

"அண்ணை, அந்த வீடியோத் துண்டைத் தாங்கோ. நெற்றில, ரிக்ரொக்கில போடுவம். உலகம் பாக்கட்டும்."

கொடுக்கவில்லை. பிறகு பெண்ணுக்கும் கஜனுக்கும் தாயான யோகம் அக்கா எடுத்தார்.

"தம்பி, அந்தப் பொலிஸ் துண்டை அழிச்சுப்போடு."

"வீடியோ அல்பத்தில வராதக்கா. வெட்டிவிடுறன்."

"வெட்டினா மட்டும் காணாது, அழி. கல்யாண வீட்டு வீடியோவில வில்லங்கம் இருந்தா பிள்ளையள் வாழுற வீட்டிலயும் இருக்கும். உது உன்னட்ட இருக்கிறது தெரிஞ்சா அவங்கள் திரும்ப வருவாங்கள்."

"ஓம் அக்கா" என்றேன். பொலிசுக்குச் சொன்ன அதே ஓம்தான். எந்தக் கல்யாணத்தின் மூலப்பதிவையும் முதல் பிள்ளை பிறக்கும்வரை நான் அழிப்பதில்லை.

பிறகு கஜனுக்குத் தண்டனைக் கடிதம் வந்தது. இங்கே சின்ன வழக்குகளுக்கு நீதிமன்றம் இல்லாமலே அரச வழக்கறிஞர் தண்டனையை எழுதி அனுப்பிவிடுவார். குறித்த நாளுக்குள் ஆட்சேபம் சொல்லாவிட்டால் அது தீர்ப்பாகிவிடும். பொலிஸ் அதிகாரியின்மேல் திரவம் ஊற்றி, உலோகப் பாத்திரத்தால் தாக்கினார், அதற்குத் தண்டம் கட்டவேண்டும் என்று அதில் இருந்தது. யோகம் அக்கா அதை மின்சாரக் கட்டணம் மாதிரிப் பார்த்தார். "கட்டிப்போட்டு விடுவம், கரைச்சல் முடிஞ்சுது" என்றார். எங்கள் ஆட்கள் கனபேர் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். கட்டினால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பது பாஸ்போட்டுக்குப் போகும்போதுதான் தெரியவரும்.

கஜன் என் வீட்டுக்கு வந்தான். சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியிலேயே நின்றான்.

"அண்ணை, அது இருக்கோ?"

"இருக்கு."

"அம்மா அழிச்சாச்சு எண்டு சொன்னவ."

"அம்மாவுக்கு நான் ஓம் எண்டு சொன்னனான். உள்ளுக்கு வா."

பார்த்தான். தான் நிலத்தில் கிடக்கும் இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பாஸ்போட் போனாப் போகட்டும் அண்ணை. இது பதிஞ்சுதெண்டா இல்லத்தில வேலைக்கு வைச்சிருக்க மாட்டினம். வயசானவையை என்னட்ட எப்பிடி விடுவினம்?" என்றான்.

அவனுடைய வழக்கறிஞர் ஒரு சுவிஸ் பெண். ஆட்சேபத்தை அன்றைக்கே அனுப்பினார். எனக்கும் விளக்கினார். பொது இடத்தில் கடமையில் நிற்கும் பொலிசைப் படம் எடுக்கக்கூடாது என்று தனியாக ஒரு சட்டம் இங்கே இல்லை. ஆனால் அவர்களுடைய வேலைக்குக் குறுக்கே நிற்கக்கூடாது. குரலைப் பதிவதில் சட்டத்தரணிகளுக்குள்ளேயே இழுபறி இருக்கிறது. எடுத்ததை இணையத்தில் போடுவது முற்றிலும் வேறு விஷயம், அதில் நீங்களே மாட்டலாம். சான்று என்று கமராவைப் பறிக்க வழி உண்டு, வீதியில் வைத்து அழியுங்கள் என்று சொல்ல வழி இல்லை. "நீங்கள் ஏன் பின்னால் போனீர்கள்?" என்று கேட்டார். "ஃபிரேம் போதவில்லை" என்றேன். "விசாரணையில் கேட்டால் இதையே சொல்லுங்கள்" என்றார்.

4. சப்பாத்து

விசாரணை அறையில் அரச வழக்கறிஞர், இளைய பொலிஸ்காரர், கஜன், அவனுடைய வழக்கறிஞர், நான். வீடியோவைப் போட்டார்கள். இரண்டு வெறுங்கால், ஒரு தாம்பாளம், தண்ணீர்.

அரச வழக்கறிஞர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏன் கால்களை மட்டும் எடுத்திருக்கிறீர்கள்?"

"அந்த நேரத்தில் கால்தான் முக்கியம்."

"முகங்கள்?"

"முகங்கள் பிறகு வரும்."

கறுப்புச் சப்பாத்து தாம்பாளத்தின் விளிம்பில் வந்து நின்றது. ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்த தண்ணீருக்குள் அது வந்து நின்றது எல்லோருக்கும் தெரிந்தது. அரச வழக்கறிஞர் அந்த இடத்தில் நிறுத்தினார்.

"இது யாருடைய சப்பாத்து?"

இளைய பொலிஸ்காரர் திரையைப் பார்த்தார். "என்னுடையது" என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "அசிட் என்று நினைத்தேன். பயந்துவிட்டேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பயம் அவருடைய அறிக்கையில் இருக்கவில்லை, தாக்குதல்தான் இருந்தது.

மீதியையும் ஓடவிட்டார்கள். கஜன் கன்னம் தாரில் அழுத்தியபடி சுவிஸ் டொச்சில் திரும்பத் திரும்பச் சொல்கிறான்: "நான் அக்காவின் கணவருக்குக் கால் கழுவுகிறேன். கால் கழுவுகிறேன்." பொலிஸ் நிலையத்திலும் அதையேதான் சொல்லியிருக்கிறான். எழுதியும் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் 'நம்பத்தக்கதல்ல' என்று ஒரு குறிப்பு. அரச வழக்கறிஞர் அந்தத் தாளை எடுத்து வாசித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

வழக்கைக் கைவிட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேளம் அடித்ததற்கு மாமாவுக்குத் தனியாகத் தண்டம் வந்தது. அது நியாயம்தான், கட்டினார்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பொலிஸ் வந்தால் கமராவை நிறுத்தாதீர்கள். பின்னால் போங்கள், கையை ஆட்டி வாக்குவாதம் செய்யாதீர்கள். எடுத்ததை யாருக்கும் அனுப்பாதீர்கள், யார் சொன்னாலும் அழிக்காதீர்கள். யார் சொன்னாலும் என்றால் பெற்ற தாய் சொன்னாலும்.

அல்பம் முடிகிற நேரத்தில் யோகம் அக்கா திரும்பவும் ஃபோன் எடுத்தார்.

"தம்பி, அந்தத் துண்டு அல்பத்தில வரட்டும்."

"வில்லங்கம் எண்டியள்?"

"எண்டனான்தான். இப்ப வரட்டும் எண்டுறன்." பிறகு, "நீ எல்லாத்துக்கும் மேல பாட்டுப் போடுவாய். அதுக்குப் போடாத" என்றார்.

"ஏனக்கா?"

"என்ர பிள்ளை கதைக்கிறது கேக்கவேணும்."